மாத்திரைக்குத் துணை சோறு

திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, செங்கம், போளூர் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காசநோய் என்று உறுதியானால் மாத்திரைகள் காசில்லாமல் கிடைக்கும். “நல்லா சாப்பிடுங்க” என்ற சொல்லும் கூடவே கிடைக்கும். இத்தனை காலம் அதை அறிவுரையாகத்தான் கேட்டுவந்தோம். 2023 ஆகஸ்டில் வெளியான ஆய்வு முடிவுகளுக்குப் பிறகு, சாப்பாட்டையும் சிகிச்சையின் ஒரு பகுதியாகத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

சோறு பின்னுக்குப் போன கதை

சென்னையில் 1956இல் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. சேத்துப்பட்டில் இருக்கும் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் தொடர்ச்சிதான். அங்கே ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு சானடோரியத்தில் படுக்கை, ஓய்வு, சத்தான உணவு. மற்றவர்கள் நெரிசலான தங்கள் வீட்டிலேயே, கிடைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு அதே மருந்தை உட்கொண்டார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தால் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் குணமாகியிருந்தது. வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை.

1959இல் வந்த அந்த முடிவு உலகத்தின் காசநோய் சிகிச்சையையே மாற்றியது. குடும்பத்தைப் பிரிந்து மாதக்கணக்கில் சானடோரியத்தில் கிடக்க வேண்டிய கட்டாயம் போனது. தமிழ்நாடு பெருமைப்பட வேண்டிய ஆய்வு அது. ஆனால் மருந்து இருந்தால் போதும், சாப்பாடு எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்ற நினைப்பும் அதோடு ஒட்டிக்கொண்டது. அரைவயிற்றுச் சாப்பாட்டிலும் மருந்து கிருமியைக் கொல்லும் என்பதைத்தான் ஆய்வு காட்டியது. எலும்பும் தோலுமாக வரும் நோயாளி முதல் இரண்டு மாதத்தைத் தாண்டுவாரா, அவர் வீட்டில் மெலிந்திருக்கும் பிள்ளைக்கு நோய் வராமல் தடுக்கச் சோற்றால் முடியுமா என்ற கேள்விகள் அப்படியே நின்றன.

ஜார்க்கண்டில் கிடைத்த பதில்

அந்தக் கேள்விகளை மருத்துவர்கள் அனுராக் பார்கவாவும் மாதவி பார்கவாவும் கையில் எடுத்தார்கள். சென்னை நிறுவனமும் சேர்ந்துகொண்டது. 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் நடந்த இந்த ஆய்வுக்கு ‘ரேஷன்ஸ்’ என்று பெயர். 2,800 நோயாளிகள், அவர்கள் வீட்டார் 10,345 பேர். நோயாளிகள் எல்லோருக்கும் மாதம் 10 கிலோ உணவுப் பொருள் போனது: அரிசி, பருப்பு, பால்பவுடர், எண்ணெய். மெலிந்தவருக்குச் சோறு தராமல் வைத்து ஒப்பிடுவது அறமல்ல என்பதால் குலுக்கல் வீட்டாருக்கு மட்டும்தான். ஒரு பகுதி வீடுகளில் தலைக்கு 5 கிலோ அரிசியும் ஒன்றரை கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள்.

உணவு பெற்ற வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. சளிப் பரிசோதனையில் கிருமி உறுதியான நுரையீரல் நோயை மட்டும் எடுத்தால் 48 சதவீதம். தடுப்பூசி அல்ல, புது மருந்தும் அல்ல. வெறும் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும்தான்! நோயாளிகளிடம் கண்டது இன்னொன்று: முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களில் இறப்பு ஏறத்தாழ 60 சதவீதம் குறைவு. 40 கிலோ இருப்பவருக்கு 5 சதவீதம் என்பது இரண்டே கிலோ. நோய் தணிவதாலும் எடை ஏறும் என்பதால் முழுப் பெருமையையும் சாப்பாட்டுக்கே கொடுத்துவிட முடியாது. வீட்டார் விஷயத்தில் அந்தச் சந்தேகம் இல்லை. குலுக்கல் முறை இருப்பதே அதற்காகத்தான்.

எடை போடும் தராசு

ஜார்க்கண்ட் முடிவு வருவதற்கு முன்பே, 2022 ஏப்ரலில், ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ தமிழ்நாட்டில் வந்துவிட்டது. நோய் உறுதியானதுமே எடை, உயரம், கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்ஸிஜன் அளவு, எதையும் பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா என்பதைச் செவிலியர் பார்க்கிறார். உடல் நிறை குறியீட்டெண் 14 அல்லது அதற்கும் கீழே என்றால் உள்நோயாளியாகச் சேர்க்கப் பரிந்துரை. 160 செ.மீ. உயரமுள்ளவர் 36 கிலோவுக்குக் கீழே இருப்பதுதான் அந்த நிலை. விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஒரு தராசும் அளவுகோலும் ஓர் உயிரைக் காக்கும் என்று நான் நம்புகிறேன்.

பந்திக்கு வர முடியாதவர்

திருவண்ணாமலையில் அண்ணாமலையார் கோயிலில் நாள் முழுவதும் அன்னதானம் நடக்கிறது. ரமணாசிரமத்தில் தினமும் சாதுக்களுக்கும் ஏழைகளுக்கும் சோறு போடுகிறார்கள். பௌர்ணமியில் கிரிவலப் பாதை நெடுகப் பொட்டலம் நீட்டும் கைகளுக்குக் குறைவில்லை. ஆனால் விடாமல் இருமுகிறவர் பந்தியில் உட்காரக் கூசுவார். எழுந்து நிற்கத் தெம்பில்லாதவரும் ஜவ்வாது மலைக் கிராமத்தில் படுத்துக் கிடப்பவரும் வரிசைக்கு வரவே முடியாது. அவர்களுக்குச் சோறு வீடு தேடிப் போக வேண்டும். அதற்கு ‘நிக்ஷய் மித்ரா’ என்ற வழி 2022 முதல் இருக்கிறது. தனி ஆளோ, கடையோ, மடமோ பதிவு செய்துகொண்டு, சம்மதிக்கும் ஒரு நோயாளிக்குக் குறைந்தது ஆறு மாதம் உணவுப் பொருள் கொடுக்கலாம். வீட்டாரையும் சேர்த்துக் கொடுத்தால்தான் ஜார்க்கண்டில் கண்ட பலன் வரும். ஒரே சட்டியில் வேகும் சோற்றை நோயாளி தனியாக உண்ண மாட்டார்.

வீட்டார் கவனத்துக்கு

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், காரணமில்லாமல் மெலிவு இருந்தால் சளிப் பரிசோதனைக்குப் போங்கள். நோய் உறுதியானால் அரசு மாதம் தரும் 1,000 ரூபாய்க்காக வங்கிக் கணக்கைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். சாப்பாட்டை நம்பி ஒரு நாளும் மாத்திரையை விட்டுவிடக் கூடாது. முட்டை, நிலக்கடலை, பருப்பு, பால், இவற்றில் முடிந்ததைத் தினமும் கொடுங்கள். ஒவ்வொரு மாதமும் எடையைக் குறித்து வையுங்கள். இரண்டாம் மாதத்திலும் எடை ஏறவில்லை என்றால் அடுத்த சளிப் பரிசோதனை வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். சர்க்கரை நோய் மறைந்திருக்கலாம், மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் பரிசோதனை அரசு மருத்துவமனையிலேயே இலவசம்.