தாத்தா லேப்டாப்புக்குப் புதுக் காது!

உங்கள் வீட்டில் பத்துப் பன்னிரண்டு வயதான லேப்டாப் ஏதாவது இருக்கிறதா? அண்ணன் கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கியதாக இருக்கலாம். அப்பாவின் ஆபீசில் கழித்துவிட்டதாக இருக்கலாம். 2011-ஆம் ஆண்டு தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில், பிளஸ் டூ படித்த அக்காவுக்குக் கிடைத்ததாகவும் இருக்கலாம். பீரோவுக்கு மேலே தூசி படிந்து கிடக்கும்.

ஆன் செய்தால் எழுந்துகொள்ளும். கட்டுரை டைப் செய்யலாம், படம் வரையலாம், பாட்டுக் கேட்கலாம். ஆனால் இன்டர்நெட்டைத் தொட்டால் போதும்... வட்டம் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும்! பக்கத்திலேயே அம்மாவின் செல்போனில் அதே வீடியோ தண்ணீர் மாதிரி ஓடும். "பழசாகிப் போச்சு, எடைக்குப் போட்டுடலாம்" என்று வீட்டில் பேச்சு எழும்.

கொஞ்சம் பொறுங்கள்! அந்த லேப்டாப்புக்கு மூளை நன்றாகத்தான் இருக்கிறது. காது மட்டும் மந்தமாக இருக்கலாம். காதை மாற்ற முடியுமா? பல லேப்டாப்களில் முடியும்!

அந்தக் காதின் பெயர் வை-ஃபை கார்டு. லேப்டாப்பின் அடிப்பக்க மூடியைக் கழற்றினால், பச்சை அல்லது நீல நிறத்தில் ஒரு சின்ன அட்டை தெரியும். பழையதாக இருந்தால் ஏறக்குறைய ஒரு தீப்பெட்டி அளவு. அதற்குப் பின் வந்தது என்றால் அதில் பாதி. இன்னும் புதியது என்றால் உங்கள் கட்டைவிரல் நுனி அளவுதான். அதன் தலையில் மெல்லிய ஒயர்கள் இரண்டு சொருகியிருக்கும். ஒயர்களைப் பிடித்துக்கொண்டே போனால் அவை லேப்டாப்பின் கீல் வழியாக ஏறி, திரையின் உச்சிக்குப் போகும். அங்கேதான் ஆன்டெனா ஒளிந்திருக்கிறது. லேப்டாப்பைத் திறந்து வைத்தால் உயரமான இடம் அதுதானே? அதனால்தான் அந்த இடம். டி.வி. ஆன்டெனாவை மொட்டை மாடியில் வைத்த அதே யோசனை!

வை-ஃபை கார்டு என்பது ஒரு குட்டி ரேடியோ. கேட்கவும் செய்யும், பேசவும் செய்யும். ரூட்டர் அனுப்பும் ரேடியோ அலையைக் கேட்டு, கம்ப்யூட்டருக்குப் புரியும் 0, 1 ஆக மாற்றும். பதிலை மறுபடி அலையாக்கி அனுப்பும்.

பிறகு ஏன் மந்தம்? வை-ஃபை மொழி வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. முதல் விதிமுறை 1997-இல் வந்தது. அதன் எண் 802.11. அதன் வால் பக்கத்தில் ஒரு எழுத்தைச் சேர்த்துச் சேர்த்து அடுத்தடுத்த விதிமுறைகள் வந்தன. 1999-இல் 'பி' வந்தபோது வேகம் நொடிக்கு 11 மெகாபிட். 2003-இல் 'ஜி' வந்தது, 54 மெகாபிட். 2009-இல் 'என்'. 2013-இல் 'ஏசி'. 2021-இல் 'ஏஎக்ஸ்'. என்ன, தலை சுற்றுகிறதா? பெரியவர்களுக்கும் சுற்றியது. அதனால்தான் 2018-இல் இந்த எழுத்துகளுக்குப் பதில் வை-ஃபை 4, வை-ஃபை 5, வை-ஃபை 6 என்று எளிய எண்களை வைத்தார்கள்.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். பழைய கார்டுகள் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை மட்டும்தான் கேட்கும். அந்த அலைவரிசையில் இன்று கூட்டமோ கூட்டம்! பக்கத்து வீட்டு ரூட்டர், மாடி வீட்டு ரூட்டர், புளூடூத் ஹெட்போன் எல்லாம் அதே இடத்தில்தான். சமையலறை மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வதும் 2.45 கிகாஹெர்ட்ஸில்தான்! அதில் 13 சேனல்கள் இருந்தாலும் ஒன்றோடொன்று மோதாமல் இயங்கக்கூடியவை 1, 6, 11 என்று மூன்றே மூன்று. பஸ் ஸ்டாண்டில் நின்று கொண்டு நண்பனிடம் ரகசியம் பேசுவது போலத்தான்.

5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை அகலமான சாலை. அங்கே சேனல்கள் அதிகம். நெரிசல் குறைவு. சுவரைத் தாண்டும்போது மட்டும் கொஞ்சம் களைத்துப் போகும். அம்மாவின் செல்போன் அந்தச் சாலையில் போகிறது. தாத்தா லேப்டாப்புக்கு அப்படி ஒரு சாலை இருப்பதே தெரியாது!

கணக்குப் போட்டுப் பாருங்கள். 'ஜி' கார்டில் 54 என்று எழுதியிருந்தாலும் கையில் கிடைப்பது ஏறக்குறைய 20 மெகாபிட். 700 மெகாபைட் உள்ள ஒரு படத்தை இறக்க வேண்டும். ஒரு பைட் என்றால் 8 பிட். ஆக 5,600 மெகாபிட். இருபதால் வகுத்தால் 280 நொடி, அதாவது 4 நிமிடம் 40 நொடி. நொடிக்கு 200 மெகாபிட் கிடைத்தால்? வெறும் 28 நொடி!

இந்த இடத்தில் ஒரு கதை சொல்லியே ஆக வேண்டும். ஜான் ஓ'சல்லிவன் என்று ஆஸ்திரேலியாவில் ஒரு விஞ்ஞானி. 1970-களில், குட்டிக் குட்டிக் கருந்துளைகள் வெடித்தால் ரேடியோ அலை வரும் என்ற யோசனையை நம்பி, அந்த அலையைத் தேடினார். கிடைக்கவில்லை! ஆனால் விண்வெளியிலிருந்து வரும் கலங்கிய சமிக்ஞைகளைத் தெளிவாக்கும் கணித முறைகள் அவருக்குக் கைவந்தன. 1990-களின் தொடக்கத்தில் அவரும் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. என்ற ஆராய்ச்சி அமைப்பில் இருந்த அவரது குழுவினரும் வேறொரு சிக்கலைக் கையில் எடுத்தார்கள். அறைக்குள் ரேடியோ அலை சுவரில், மேஜையில், பீரோவில் மோதித் திரும்பும். ஒரே செய்தி பல எதிரொலிகளாக, முன்னும் பின்னுமாக வந்து சேர்ந்து குழம்பிவிடும். காலி மண்டபத்தில் கத்திப் பார்த்திருக்கிறீர்கள்தானே? அதே கதிதான். வேகமான ஒரே ஓட்டமாக அனுப்பாமல், செய்தியைப் பல மெதுவான ஓட்டங்களாகப் பிரித்து, வேறு வேறு அலைவரிசைகளில் ஒரே நேரத்தில் அனுப்பினால் எதிரொலியின் தொல்லை குறையும் என்று அவர்கள் வழி கண்டார்கள். 1996-இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. கருந்துளையைத் தேடிப் போனவர் கையில் வை-ஃபைக்கான வித்தை சிக்கியது, பாருங்கள்!

சரி, லேப்டாப்புக்கு வருவோம். ஸ்குரூ டிரைவரைத் தேடி ஓடுவதற்கு முன் ஒரு சோதனை. லேப்டாப்பை ரூட்டருக்குப் பக்கத்திலேயே வைத்துப் பாருங்கள். பிறகு ரூட்டரின் ஒயரை நேராக லேப்டாப்பில் சொருகிப் பாருங்கள். ஒயரில் வேகம், வை-ஃபையில் மந்தம் என்றால் கார்டைச் சந்தேகப்படலாம். ஒயரிலும் மந்தம்தான் என்றால் கார்டு நிரபராதி! நினைவகம் போதவில்லையோ, ஹார்டு டிஸ்க் களைத்துவிட்டதோ... அது வேறு வைத்தியம்.

கார்டுதான் குற்றவாளி என்று தெரிந்தது. உடனே கடையில் இருப்பதிலேயே புதிய கார்டை வாங்கிவிடலாமா? கூடாது! இங்கேதான் பலர் காசை விடுகிறார்கள்.

முதலில் காவல்காரர் பிரச்சினை. ஐ.பி.எம். நிறுவனம் தொடங்கி, 2005-இல் லெனோவோ நிறுவனம் வாங்கிய திங்க்பேட் லேப்டாப்கள் உலகப் புகழ் பெற்றவை. 2006-இல் வந்த டி60, 2012-இல் வந்த எக்ஸ்230 போன்ற மாடல்களின் பயாஸில், அதாவது லேப்டாப்பை எழுப்பும் முதல் மென்பொருளில், ஒரு பட்டியல் உண்டு. அந்தப் பட்டியலில் இல்லாத வை-ஃபை கார்டைச் சொருகினால் '1802' என்ற எண்ணோடு, "அனுமதியில்லாத கார்டு! அணைத்துவிட்டு அதை எடு!" என்கிற பொருளில் ஒரு செய்தி வரும். அவ்வளவுதான், லேப்டாப் அதற்கு மேல் நகராது! எச்.பி. லேப்டாப்கள் பலவற்றிலும் இதே காவல்காரர் 104 என்ற எண்ணோடு உட்கார்ந்திருந்தார். ரேடியோ கார்டையும் ஆன்டெனாவையும் சேர்த்தே அரசு சோதித்துச் சான்று தருகிறது, அதனால் வேறு கார்டு கூடாது என்று காரணம் சொன்னார்கள். லேப்டாப் புதிதாக இருக்கும்போது அது சரி. பத்து வருடம் கழித்தும் வாசலில் நின்று தடுப்பது எனக்கு நியாயமாகத் தெரியவில்லை. என்ன செய்வது? அந்த மாடலுக்கென்று அதே நிறுவனம் அனுமதித்த கார்டுகளில் சிறந்ததைத் தேடி வாங்குவதே வழி. கார்டின் லேபிளில் நிறுவனத்தின் உதிரிபாக எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பயாஸையே மாற்றிக் காவல்காரரைத் துரத்துபவர்களும் உண்டு. பாதியில் கரண்ட் போனால் லேப்டாப் எழவே எழாது! அந்தப் பக்கம் நீங்கள் போக வேண்டாம்.

அடுத்தது அளவு. தீப்பெட்டி அளவும் அதில் பாதியும் 'மினி பிசிஐ எக்ஸ்பிரஸ்' வகை. கட்டைவிரல் நுனி அளவு 'எம்.2' வகை. ஒன்றின் இடத்தில் மற்றது நேரடியாக உட்காராது. ஒயர் நுனியில் இருக்கும் பித்தளைப் பொத்தானும் எம்.2 கார்டில் இன்னும் சிறியது. 2011, 2012 காலத்து மலிவான லேப்டாப்கள் சிலவற்றில் ஆன்டெனா ஒயர் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். இரண்டு ஆன்டெனா கார்டு போட்டால் அது ஒற்றைக் காதோடு வேலை செய்யும்!

பெயரில் ஒரு எண் மாறினாலும் ஆபத்து. இன்டெல் நிறுவனத்தின் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்201 இரண்டும் பார்ப்பதற்கு இரட்டைப் பிள்ளைகள். ஆனால் 201-க்குப் பாதி வேலையைச் செய்து கொடுக்க, அதற்கென்றே அமைந்த இன்டெல் சிப் லேப்டாப்பில் இருக்க வேண்டும். பழைய லேப்டாப்பில் அது வெறும் அட்டைத்துண்டு. ஏஎக்ஸ்200-க்கும் விண்டோஸ் 7-இல் டிரைவர் கிடையாது. டிரைவர் என்பது கார்டோடு எப்படிப் பேசுவது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லித் தரும் மென்பொருள். அதைப் பழைய கார்டைக் கழற்றுவதற்கு முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பின் எந்த வை-ஃபையில் இறக்குவது? சாவியை உள்ளே வைத்துப் பூட்டிய கதையாகிவிடும்!

சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பழைய கார்டுகள் மலிவாகவே கிடைக்கும். லேப்டாப்பின் மாடல் எண்ணைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

இனி அறுவை சிகிச்சை! கூட ஒரு பெரியவர் கட்டாயம் இருக்க வேண்டும். லேப்டாப்பை முழுதாக அணையுங்கள். சார்ஜரைப் பிடுங்குங்கள். பேட்டரியைக் கழற்றுங்கள். பேட்டரி வீங்கியிருந்தால் அதைத் தொடாதீர்கள், அழுத்தாதீர்கள். வேலையை அங்கேயே நிறுத்திவிட்டுப் பெரியவரிடம் காட்டுங்கள். எல்லாம் சரி என்றால் பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து, மிச்சமிருக்கும் மின்சாரத்தையும் வடித்துவிடுங்கள். பெயிண்ட் இல்லாத உலோகம் எதையாவது ஒருமுறை தொடுங்கள். நம் உடம்பில் சேரும் நிலைமின்சாரம் சிப்பைப் பொசுக்கக்கூடியது.

மூடியைத் திறந்ததும் ஒரு போட்டோ எடுங்கள். எந்த நிற ஒயர் எந்தப் பொத்தானில் இருந்தது என்பது பிறகு நினைவிருக்காது. ஒயரை இழுக்கக் கூடாது. நுனியில் இருக்கும் பித்தளை வளையத்தை நகத்தால் நேர் மேலாகத் தூக்க வேண்டும். சின்ன ஸ்குரூவைக் கழற்றியதும், கார்டு தானாகவே ஒரு பக்கம் சாய்வாக எழுந்து நிற்கும். பயப்படாதீர்கள், உடையவில்லை! அப்படியே சாய்வாக இழுங்கள். புதியதையும் அதே சாய்வில் நுழைத்து, கீழே அமுக்கி, ஸ்குரூ போடுங்கள். இப்போது ஒயர். பொத்தானின் மேல் நேராக வைத்து விரலால் அமுக்கினால் 'டிக்' என்று உட்காரும். இந்தப் பொத்தான்கள் சுமார் முப்பது முறை மாட்டிக் கழற்றத்தான் செய்யப்பட்டவை. விளையாட்டாக மாட்டிக் கழற்றாதீர்கள்.

கார்டே சரிப்படாத லேப்டாப்பாக இருந்தால் அதற்கும் வழி உண்டு. கட்டைவிரல் அளவு யு.எஸ்.பி. வை-ஃபை டாங்கிள் வாங்கி வெளியே சொருகிவிடலாம். 5 கிகாஹெர்ட்ஸ் கேட்கும் வகைதானா என்று பார்த்து வாங்குங்கள். அழகு கொஞ்சம் குறைவு. காவல்காரர் அதைத் தடுப்பதில்லை!

புதுக் கார்டைப் போட்டும் ஒரு நெட்வொர்க்கும் தெரியவில்லையா? உடனே கார்டைத் திட்டாதீர்கள். லேப்டாப்பின் முன்பக்கத்திலோ ஓரத்திலோ குட்டியாக ஒரு தள்ளு ஸ்விட்ச் இருக்கிறதா, பாருங்கள். அந்தக் காலத்து லேப்டாப்கள் பலவற்றில் வை-ஃபைக்கென்றே தனி ஸ்விட்ச் உண்டு. பீரோ மேல் இத்தனை நாள் கிடந்ததில் அது யார் கை பட்டோ 'ஆஃப்' பக்கம் போயிருக்கும்!