சீட்டுக்கட்டும் சிறுவர் கணக்கும்

சீட்டுக்கட்டு என்றதும் எம்மவரிற் பலர் முகஞ் சுளிப்பர். அது நியாயமே. சூதினால் நாடிழந்த தருமன் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். திருக்குறளிலும் சூதுக்கெனத் தனியதிகாரம் உண்டு. ஆயின் விலக்கத்தக்கது பணயமேயன்றிச் சீட்டன்று. பணயத்தை நீக்கிவிட்டால், அக்கட்டு சிறு பிள்ளைக்கு வாய்த்த நல்லதோர் எண்சுவடியாகும்.

காரணம் யாது? ஒன்று முதல் நூறு வரை பிள்ளை ஒப்புவிக்கக் கேட்டுப் பெற்றோர் மகிழ்கின்றனர். "ஏழு பெரிதா, ஒன்பது பெரிதா?" என்று வினவினால் அதே பிள்ளை விழிப்பதுண்டு. எண்ணின் பெயர் தெரியும், அளவு தெரியாது. சீட்டிலோ 7 என்ற இலக்கமும் ஏழு அடையாளங்களும் ஒருங்கே காணப்படுகின்றன. பெயரையும் அளவையும் கண் தானே இணைத்துக்கொள்கின்றது.

2008 ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்களான கீதா ராமணி, ராபர்ட் சீக்லர் ஆகிய இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அவர்கள் ஆராய்ந்தது சீட்டாட்டமன்று. 1 முதல் 10 வரை இலக்கமிட்ட கட்டங்களிற் காய் நகர்த்தும் ஆட்டம். வறிய குடும்பங்களைச் சேர்ந்த பாலர், ஏறக்குறையக் கால் மணி நேரமாக நான்கு தடவை ஆடிய அளவிலேயே எண்ணறிவில் முன்னேறினர். இலக்கங்களுக்குப் பதிலாக நிறங்களைக் கொண்டு ஆடியோரிடம் அம்முன்னேற்றம் காணப்படவில்லை. வீட்டில் எண்ணோடு விளையாடும் சிறு பொழுதும் வீண்போவதில்லை என்பதை இதனால் அறிகின்றோம்.

நான்கைந்து வயதினர்க்கு ஏற்றது "பெரியது எது?" என்னும் ஆட்டம். படச்சீட்டுக்களை நீக்கி, எஞ்சிய 40 சீட்டுக்களை இருவரும் சமமாகப் பகிர்க. ஆசு ஒன்றெனக் கொள்ளப்படும். இருவரும் ஒவ்வொரு சீட்டைத் திறக்க, பெரிய எண்ணை உடையவர் இரண்டையும் எடுப்பார். "எத்தனை கூட?" என்று கேட்டால் கழித்தலும் உடன் வந்துவிடும்.

ஆறேழு வயதில் "பத்துச் சோடி" ஆடலாம். பத்துக்களையும் நீக்கினால் 36 சீட்டுக்கள் இருக்கும். பன்னிரண்டை விரித்துவைத்து, கூட்டினாற் பத்து வரும் சோடிகளை மாறிமாறி எடுத்து, வெற்றிடங்களை நிரப்புக. சோடி இல்லாதபோது மேலும் ஒரு சீட்டை இடுக. பிழையின்றி ஆடினால் இறுதியில் 18 சோடிகள் சேரும். ஒரு சீட்டும் எஞ்சாது. எஞ்சினால் எங்கோ தவறு நேர்ந்ததைப் பிள்ளையே உணரும்.

வளர்ந்த பிள்ளைகளுக்கு எமது நாட்டின் முந்நூற்றுநாலு ஆட்டமே ஒரு கணக்குப் பாடம். அதில் ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2 புள்ளிகள். எட்டுக்கும் ஏழுக்கும் புள்ளியில்லை. ஓரினத்தின் கூட்டுத்தொகை 76. நான்கினங்களுக்கும் எவ்வளவு? ஆட்டத்தின் பெயரே விடை கூறும்! பெரியோர் ஆடும்போது புள்ளிக் கணக்கைச் சிறுவரிடம் ஒப்படைக்கலாம்.

ஆடும் முறையிலே பெற்றோர்க்குச் சில கடமைகள் உண்டு. பிள்ளை விரல்விட்டு எண்ணினால் தடுத்தலாகாது. விடை பிழைத்தால் உடனே திருத்தாது, "எப்படிக் கண்டாய்?" என்று அமைதியாகக் கேட்டல் வேண்டும், சொல்லிவருகையிலேயே பிள்ளை தன் பிழையைக் காண்பதுண்டு. ஆர்வம் குன்றுமுன் கட்டை மூடிவைத்தலும் நன்று.

கல்லூரியில் நாம் காணும் மாணவரிற் சிலருக்குக் கணக்கு விளங்காமையினும் கணக்கின்மேலுள்ள அச்சமே பெருந்தடையாகும். வகுப்பறையிற் பிழையான விடை நகைப்புக்கு இடமாகலாம். ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சையில் அது புள்ளியைக் குறைக்கும். வீட்டு விளையாட்டிலோ பிழை அடுத்த சீட்டோடு மறைந்துபோகும். அத்தகைய அச்சமற்ற கால் மணி நேரத்தை, புதிய கணிதம் எதனையும் அறியாத அம்மம்மாவும் அன்றாடம் பேரப்பிள்ளைக்கு அளிக்கலாம். அதற்கு வேண்டியது ஒரு பாயும், ஒரு கட்டுச் சீட்டும், சிறிது பொறுமையுமே.