கிணற்றை எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை அளப்பது?

பாறசாலை, நெய்யாற்றின்கரை ஆகிய கேரள எல்லைப் பகுதிக் கிராமங்களில் பெரும்பாலும் வீட்டுக்கொரு கிணறு. மத்திய நிலத்தடி நீர் வாரியம் கண்காணிப்புக் கிணறுகளை ஆண்டுக்கு 4 முறை அளக்கிறது. பருவ மாற்றம் அதில் தெரியும். காலையில் மோட்டார் போட்டதும் சரிந்து, மதியத்துக்குள் ஊறி ஏறும் தண்ணீர் தெரியாது. அதைப் பிடிக்கத்தான் கயிற்றில் கட்டி இறக்கும், அழுத்தத்தைக் கொண்டு நீர்மட்டத்தை அளக்கும் பதிவுக் கருவி.

நிமிடத்துக்கு ஒருமுறை பதிந்தால் ஆண்டுக்கு 5,25,600 அளவுகள். பேட்டரி சீக்கிரம் தீரும். 6 மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால் மோட்டார் ஓடியதே பதிவாகாமல் போகலாம். 15 நிமிடம்தான் என் தேர்வு. நாளுக்கு 96 அளவுகள் போதும்.

ஒன்றை மறக்க வேண்டாம். கருவி தண்ணீரோடு மேலுள்ள காற்றின் அழுத்தத்தையும் சேர்த்தே உணர்கிறது. காற்றழுத்தம் 1 மில்லிபார் கூடினால், நீர்மட்டம் 1 செ.மீ. ஏறியதுபோலக் காட்டும். ஆகவே கிணற்றுக்கு வெளியே காற்றழுத்தக் கருவி ஒன்றையும் அதே கடிகார நேரத்தில் பதியும்படி வையுங்கள்.