கணினியில் ‘லைசென்ஸ் இல்லை’ என்று வந்தால்...



சென்ற ஆண்டில் ஒரு மாதம், 20-ஆம் தேதி. ஜி.எஸ்.டி.ஆர்-3பி தாக்கல் செய்யக் கடைசி நாள். தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், வரிக்கு வட்டி வேறு. எங்கள் மண்டியில் கணினிகள் நான்கு. காலையில் மின்சாரம் போய் வந்தபின், பில் போடும் மூன்றிலும் டாலி ‘எஜுகேஷனல் மோடு’ என்று காட்டியது. அந்நிலையில் 1, 2, 31 ஆகிய தேதிகளுக்கு மட்டுமே பதிவு போடலாம். வாசலில் சரக்கு ஏற்றிய லாரி; கையில் பில் இல்லை.

அச்சமயம் ஒருவர், “ஐந்நூறு ரூபாய் கொடுங்கள், லைசென்ஸே கேட்காத பிரதி போட்டுத் தருகிறேன்” என்றார். எங்களுக்கும் சபலம் தட்டியது உண்மை. நல்லவேளை, பழைய கணினிக்காரரைக் கூப்பிட்டோம். பத்து நிமிடத்தில் சரியாயிற்று. அவர் சொன்ன விவரத்தை இங்கே தருகிறோம்.

பலர் பயன்படுத்தும் லைசென்ஸ் ஒரே கணினியில்தான் இருக்கும். அதைத் தலைமைக் கணினி என்போம். மற்றவை கேபிள் வழியே அதனிடம் அனுமதி கேட்கும். கல்லாச் சாவி முதலாளியிடம் இருப்பதைப் போலத்தான். கேட்டதற்குப் பதில் வராவிட்டால் ‘லைசென்ஸ் இல்லை’ என்று திரையில் வரும். ஆகவே லைசென்ஸ் போய்விட்டதென்று பதற வேண்டாம். வரிசையாகப் பாருங்கள்:

1. தலைமைக் கணினியில் லைசென்ஸ் தெரிகிறதா? அதிலும் தெரியாவிட்டால் விற்பனையாளரை அழையுங்கள்.

2. ஒரு கணினியில் மட்டும் கோளாறா? அதன் கேபிளைப் பாருங்கள். எல்லாவற்றிலும் என்றால் ஸ்விட்ச் பெட்டியில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள்.

3. தலைமைக் கணினியின் ஐ.பி. எண் மாறியுள்ளதா? எங்களுக்கு நேர்ந்தது இதுவே. மின்சாரம் வந்ததும் ரூட்டர் புது எண் கொடுத்துவிட்டது. மற்றவை பழைய எண்ணையே தேடின. அந்த எண்ணை மாறாதபடி நிலைப்படுத்தச் சொல்லுங்கள்.

4. லைசென்ஸ் சர்வீஸ் ஓடுகிறதா? ஃபயர்வால் அல்லது வைரஸ் தடுப்பு மென்பொருள் வழியை மறிக்கிறதா? டாலியில் வழக்கமான போர்ட் எண் 9999.

5. தேதி, நேரம் சரியா? மதர்போர்டு பேட்டரி தீர்ந்தால் தேதி பின்னுக்குப் போய்விடும்.

கணினியை ஃபார்மட் செய்யுமுன் லைசென்ஸை ‘சரண்டர்’ செய்ய மறக்காதீர்கள்.

திருட்டுப் பிரதி என்று தெரிந்தே பயன்படுத்தினால், 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவின்படி 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை. 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபாரத்துக்கல்லாத பயன்பாட்டுக்கு மட்டுமே சிறையிலிருந்து விலக்குத் தர வழியுண்டு. நமக்கு அது பொருந்தாது.

தராசில் படிக்கல் சரியாக இருக்க வேண்டும் என்று பார்க்கிற நாம், கணக்குப் போடும் கருவியிலும் அப்படியே இருப்போம். அன்று மாலையே எங்கள் தாக்கல் முடிந்தது. லாரியும் போய்ச் சேர்ந்தது.