ஆஸ்பத்திரிக்கு வரும் ‘விசிட்’

பெரிய துரை விசிட்டுக்கு வருகிறார் என்றால் தோட்டத்தில் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் நாளே லயத்துக்குச் சுண்ணாம்பு அடிபடும். கால்வாயில் ஒரு புல் இருக்காது. மருந்தடிக்கும் பெண்களுக்கு அன்றைக்கு மட்டும் கையுறை கிடைக்கும். துரையின் கார் திரும்பியதும் கையுறையும் ஸ்டோருக்குத் திரும்பிவிடும்.

இப்போது ஆஸ்பத்திரிகளிலும் இப்படி ஒரு விசிட் உண்டு. பாதுகாப்புத் தணிக்கை என்று பெயர். வேலை செய்பவர்களுக்கு எங்கே ஆபத்து இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல, நிர்வாகமே வெளியாட்களை அமர்த்துகிறது.

“அது ஆஸ்பத்திரிக்காரன் பாடு, நமக்கென்ன?” என்பீர்கள். தோட்ட நிலம் வீடமைப்புக்குப் போன பிறகு, கிள்ளான் வட்டாரத்தில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் ஆஸ்பத்திரியில் துடைப்பமும் தள்ளுவண்டியும் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் துப்புரவு, சலவை போன்ற வேலைகள் 1997இல் தனியார் நிறுவனங்களுக்குப் போயின. வேலை ஓரிடம், சம்பளம் இன்னோரிடம்.

எனக்குத் தெரிந்த ஓர் அக்காள் கிள்ளானில் ஓர் ஆஸ்பத்திரியில் இரவு ஷிப்டு. ஒரு நாள் குப்பைப் பையைத் தூக்கியபோது உள்ளே கிடந்த ஊசி கட்டைவிரலில் ஏறிவிட்டது. ஊசிக்கென்று கெட்டியான டப்பா உண்டு. அது முக்கால் நிரம்பியதுமே மூடிவிட வேண்டும். அன்று டப்பா வழிந்ததால் யாரோ பையில் போட்டிருக்கிறார்கள்.

“சூப்பர்வைசர்கிட்ட சொன்னா வேலைக்கே உலை வச்சிடுவாரோன்னு பேசாம இருந்துட்டேன் தம்பி” என்றார்.

பேசாமல் இருக்கிற காரியமா இது? அந்த ஊசி ஹெபடைட்டிஸ் பி நோயாளியுடையதாக இருந்து, குத்துப்பட்டவர் தடுப்பூசி போடாதவராக இருந்தால், 100 பேரில் 30 பேர் வரைக்கும் தொற்றலாம். எச்.ஐ.வி. என்றால் 1,000 பேரில் சுமார் 3 பேர். அதைத் தடுக்க மருந்து இருக்கிறது. ஆனால் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. குத்திய இடத்தைப் பிதுக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே சொல்லுங்கள். சொக்சோவுக்கு 48 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டியது முதலாளியின் கடமை.

புகார் சொன்னதற்காக வேலையை விட்டு நிறுத்தக் கூடாது என்று 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. பாதுகாப்புக்காகக் கொடுக்கும் சாமானுக்குச் சம்பளத்தில் காசு பிடிக்கவும் கூடாது. தோட்டத் தொழில் தொடக்கத்திலிருந்தே இந்தச் சட்டத்துக்குள் இருப்பதால் இது உங்களுக்கும் பொருந்தும். 2024 ஜூன் 1 முதல் சட்டத்தை இன்னும் இறுக்கியிருக்கிறார்கள். கடமை தவறிய முதலாளிக்கு 50,000 வெள்ளி வரை இருந்த அபராதம் 5 லட்சம் வெள்ளி வரை போகலாம். பிரிக்பீல்ட்ஸ் கடைவீதியில் ஐந்தே பேர் வேலை செய்யும் கிளினிக்கும் பாதுகாப்பைக் கவனிக்க ஒருவரை நியமிக்க வேண்டும். 40 பேர் இருந்தால் குழு வேண்டும், அதில் தொழிலாளர் பிரதிநிதியும் உட்கார வேண்டும். தன் சொற்படி வேலை செய்யும் காண்டிராக்ட் ஆட்களை, “அவன் என் ஆள் இல்லை” என்று ஆஸ்பத்திரி தட்டிக்கழிக்க முடியாது.

சட்டம் இருக்கட்டும். தணிக்கைக்கு ஆள் அமர்த்தும்போது அவர்களிடம் என்ன கேட்கிறார்கள் என்பதில்தான் விஷயம். ரிஜிஸ்டரைப் புரட்டு என்றால் ரிஜிஸ்டர் சுத்தமாகத்தான் இருக்கும். நம் கிராணிமார் எழுதாத கணக்கா? குப்பை அறைக்குப் போ, சலவைக்கட்டைப் பார், நோயாளியைத் தூக்கித் தூக்கி இடுப்பு ஒடிந்தவனைக் கேள், சூப்பர்வைசர் பக்கத்தில் இல்லாமல் கேள் என்று ஆரம்பத்திலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். 2016இல் ஜொகூர் பாரு சுல்தானா அமினா ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் தீப்பிடித்து 6 நோயாளிகள் மாண்டார்கள். வேலை செய்பவனுக்கு ஆபத்தான இடம் படுத்திருப்பவனுக்கும் ஆபத்துதான்.

போன மாதம் அந்த அக்காளைப் பார்த்தேன். அவர் ஆஸ்பத்திரியில் தணிக்கை முடிந்துவிட்டதாம். “உங்ககிட்ட என்ன கேட்டாங்க?” என்றேன்.

“அவங்க பகல்ல வந்துட்டுப் போயிட்டாங்க தம்பி. நான் ராத்திரி ஏழு மணிக்குத்தானே உள்ள போறேன்.”