கோடைத் தீவின் கதைசொல்லி

கடற்கரை வீடு, ஒன்றுகூடும் குடும்பம், பெரியவர்கள் மூடி மறைத்த உண்மை, அது வெளிப்பட்டபின் புதிதாகத் தொடங்கும் வாழ்க்கை. இப்படிப்பட்ட கோடை விடுமுறை நாவல்களுக்கு அமெரிக்காவில் ஒரு தலைநகரம் உண்டென்றால், அது மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த நான்டக்கெட் தீவு. ஒருகாலத்தில் திமிங்கில வேட்டைக்குப் பேர்போன ஊர்.

அங்கே வாழும் நாவலாசிரியர் எலின் ஹில்டர்பிராண்ட், சிறுவயதுக் கோடைகளைக் கேப் காட் கடற்கரையில் குடும்பத்தோடு கழித்தவர். 16 வயதில் தந்தையை விமான விபத்தில் இழந்தார். அதன்பின் வந்த கோடையில் கடல் இல்லை, தொழிற்சாலை வேலைதான். இனி தன் கோடைகளெல்லாம் கடலோரத்தில்தான் என்று அப்போதே உறுதி எடுத்துக்கொண்டாராம். அந்த ஏக்கம் அவர் எழுத்தில் இன்றும் தெரிகிறது.

2000-இல் முதல் நாவல் ‘தி பீச் கிளப்’ வெளிவந்தது. 2019-இல் வந்த ‘சம்மர் ஆஃப் 69’ நாவலில் மகன் வியட்நாம் போருக்குப் போய்விட, தாய் மதுவில் ஆறுதல் தேடுகிறாள். பாட்டி வீட்டில் 13 வயதுக் கடைக்குட்டி இதையெல்லாம் பார்த்தபடி வளர்கிறாள். 2024-இல் ‘ஸ்வான் சாங்’ நாவலோடு நான்டக்கெட் கதைகளுக்கு அவர் விடைகொடுத்தார்.

இவற்றை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்க மனம் வரவில்லை. ஆண்டுக்கணக்கில் பேசாத பேச்சு, எல்லோரும் ஒரே கூரையின்கீழ் சில வாரம் தங்கும்போதுதான் வெளியே வருகிறது. இந்த விடுமுறையில் ‘சம்மர் ஆஃப் 69’ படித்துப் பாருங்கள்.