வளரும் நாய்க்குட்டி

தில்லியில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வாழும் தமிழ்க் குடும்பத்திற்கு நாய்க்குட்டி வந்து சேர்ந்ததாகக் கொள்வோம். பாட்டி அதனை "உட்கார்" என்கிறார். தந்தை "சிட்" என்கிறார். பக்கத்து வீட்டுத் தோழன் "பைட்டோ" என்கிறான். குட்டி மூவரையும் மாறி மாறிப் பார்த்து வாலை ஆட்டுகிறது, உட்காரவில்லை. அதனை முரட்டுக் குட்டி என்று பழிப்பது தவறு. ஒரு செயலுக்கு மூன்று ஓசைகள் எழுந்தால் அது எதனைப் பின்பற்றும்?

ஆகவே வீட்டார் அனைவரும் கூடி, ஒவ்வொரு செயலுக்கும் ஒரே சொல்லைத் தேர்ந்துகொள்ள வேண்டும். "உட்கார்", "வா", "நில்", "விடு" ஆகிய நான்கும் குறுகிய சொற்கள். தொடக்கத்திற்கு இவை போதும். சிறு உணவுத்துண்டு ஒன்றைக் குட்டியின் மூக்கருகே பிடித்து, மெல்லத் தலைக்கு மேலாகப் பின்னோக்கி நகர்த்துங்கள். தலை நிமிர, பின்புறம் தானாகவே தரையில் அமரும். அந்நொடியிலேயே சொல்லைக் கூறி உணவைக் கொடுங்கள். சற்றுத் தாமதித்தாலும், எதற்காகப் பரிசு கிடைத்தது என்பது அதற்கு விளங்காது. ஒரு வேளைக்கு ஐந்து நிமிடப் பயிற்சி போதும். அடித்துப் பழக்கினால் குட்டி கற்பது ஒன்றே: உங்கள் கையைக் கண்டு அஞ்சுவது.

வீட்டிற்குள் சிறுநீர் கழித்தலும் அவ்வாறே. நேரம் கடந்தபின் கடிந்துகொள்வதால் பயனில்லை. உறங்கி எழுந்ததும், உண்டதும், விளையாடி முடித்ததும் அதனை உரிய இடத்திற்குக் கொண்டுசெல்லுங்கள். நான்காம் தளத்தில் வசிப்போர் மின்தூக்கி வரும்வரை காத்திருக்க நேரும். எனவே குட்டியைத் தூக்கிக்கொண்டு செல்வதே நல்லது!

குட்டியின் பால்பற்கள் 28. ஏறத்தாழ நான்காம் மாதத்தில் அவை விழத் தொடங்கி, ஏழாம் மாதத்திற்குள் 42 நிலைப்பற்கள் முளைக்கின்றன. அக்காலத்தில் ஈறு உறுத்துவதால் கண்டதையெல்லாம் கடிக்கும். கடிப்பதற்கு ஏற்ற ரப்பர் பொம்மை ஒன்றைக் கொடுங்கள். காலணி கிழிந்தால், குற்றம் அதனைக் கீழே விட்டவருடையது.

இரண்டு மாதம் நிறையும் முன்னர்க் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்தல் கூடாது. நான்கு மாதம் வரை நாளுக்கு நான்கு வேளையும், ஆறு மாதம் வரை மூன்று வேளையும், பின்னர் இரு வேளையும் உணவிடலாம். பாலும் சோறும் மட்டும் வளரும் உடலுக்குப் போதா. பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். வேகவைத்த முட்டை, எலும்பு நீக்கிய கோழியிறைச்சி ஆகியவற்றைச் சேர்க்கலாம். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு. சாம்பார் சோற்றில் வெங்காயமும் பாயசத்தில் உலர்திராட்சையும் இருப்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

குட்டியின் எலும்பு முனைகள் இன்னும் முற்றாதவை. ஆதலால் நெடுந்தொலைவு ஓட்டமும் படிக்கட்டில் குதித்தலும் வேண்டா. மே, சூன் மாதங்களில் தில்லிச் சாலை கொதிக்கும். புறங்கையைத் தரையில் ஐந்து நொடி வைக்க இயலாதபோது, குட்டியின் பாதமும் அதனைத் தாங்காது. விடியற்காலையில் உலவச் செல்லுங்கள்.

ஆறு முதல் எட்டு வாரத்தில் தடுப்பூசிகள் தொடங்கும். வெறிநாய்க்கடி நோய்க்கான ஊசி மூன்றாம் மாதத்தில் போடப்படும். அவை முடியும்வரை பிற நாய்கள் உலவும் தரையில் இறக்கிவிடாதீர்கள். எனினும் புதிய ஓசைகளை அஞ்சாமல் ஏற்கும் பருவமும் இதுவே. எனவே கையில் ஏந்திச் சென்று ஆட்டோவையும் கூட்டத்தையும் காட்டுங்கள். குட்டியின் பல்லோ நகமோ உங்கள் தோலைக் கீறினால், சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே பெரியவரிடம் கூறி மருத்துவரை அணுக வேண்டும். இதனை ஒருபோதும் மறைக்காதீர்கள்.

கோடை விடுமுறையில் நீங்கள் ஊருக்குச் செல்லும்போது குட்டியை யார் பார்த்துக்கொள்வார் என்பதனை, அதனை வாங்குமுன்னரே முடிவு செய்யுங்கள். பக்கத்து வீட்டாரிடம் விட்டுச் செல்வதாயின், உணவு வேளைகளை எழுதிக் கொடுங்கள். அவர் தமிழர் அல்லராயினும், அந்த நான்கு சொற்களையும் அவருக்குச் சொல்லிக் கொடுங்கள்.